ஹான்ஸ் விற்பதை நிறுத்திவிட்டேன், பயன் உண்டா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்கு அதிகாரிகள் சீல் வைத்ததைப் பார்த்த பிறகு ஹான்ஸ், கூல் லிப் மாதிரிப் புகையிலைப் பாக்கெட் எல்லாம் விற்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் எதிர்ச் சந்தில் இன்னும் கிடைக்கிறது. அங்கே போகிறவர்கள் டீ, பிஸ்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிக்கொள்கிறார்கள். எனக்குத்தான் வியாபாரம் குறைந்தது. இத்தனை வருஷமாகத் தடை இருக்கிறது என்கிறார்கள், யாரும் விட்ட மாதிரி தெரியவில்லை. என் தம்பி துறைமுகத்துக்கு கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். எப்போதும் உதட்டுக்குள் ஹான்ஸ்தான். இப்போது காரம் பட்டாலே வாய் எரிகிறது என்கிறான். விடச் சொன்னால், "கவர்மெண்ட்டே தடை போட்டும் ஒழிக்க முடியல, நான் எப்படிக்கா விடறது?" என்று கேட்கிறான். நான் நிறுத்தியதால் யாருக்காவது பயன் உண்டா? தம்பியை எப்படி நிறுத்த வைப்பது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

தடையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தம்பியின் வாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது காத்திருக்கக் கூடாது.

காரம் பட்டதும் எரிவது, வாய்க்குள் இருக்கும் மெல்லிய தோல் மாறத் தொடங்கியதற்கு அடையாளமாக இருக்கலாம். ஹான்ஸ் மட்டும்தான் போடுகிறாரா, இடையில் மாவாவும் உண்டா என்று கேளுங்கள். மாவாவில் சீவல் பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு மூன்றும் கலந்திருக்கும். பாக்கு சேர்ந்தால் கன்னத்தின் உட்புறம் மெல்ல மெல்ல இறுகி நார் நாராகிவிடும், வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அவருடைய ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் இறுக்கம் வந்திருக்கலாம். அப்புறம், கீழ் உதட்டை இழுத்து, பாக்கெட்டை அடக்கும் இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், தடிப்பு, இதில் எது இருந்தாலும் பல் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டாலும் எரிச்சல் இருப்பதால் இந்த வாரமே காட்டிவிடுங்கள். ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். பிராட்வே போனால் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் அரசு இடங்கள் என்பதால் செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

சரி, இனி தடை.

தமிழ்நாட்டில், பாக்கும் புகையிலையும் கலந்த குட்காவுக்கு முதல் தடை 2001-லேயே வந்தது. மாநில அதிகாரிகளுக்கு அப்படித் தடை போட அதிகாரம் இல்லை என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் அது நிற்கவில்லை. பிறகு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிக்கோட்டினோ சேர்க்கக் கூடாது என்று 2011-ல் விதி செய்தார்கள். அந்த விதியைப் பிடித்துக்கொண்டு 2012-ல் மத்தியப் பிரதேசம் முதலில் குட்காவைத் தடை செய்தது. 2013 மே மாதம் தமிழ்நாடும் செய்தது. பான் மசாலாவைத் தனி உறையிலும் புகையிலையைத் தனி உறையிலும் போட்டு இரண்டையும் சேர்த்து விற்கும் தந்திரமும் இந்தத் தடைக்குள் வருகிறது.

ஆனால் இந்த உத்தரவுக்கு ஆயுள் ஒரு வருஷம்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையர் ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் போட வேண்டும். அவசரத்துக்காகக் கொடுத்த அதிகாரத்தை வைத்து வருஷா வருஷம் நீட்டித்துக்கொண்டே போக முடியாது என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது, தடை தொடர்ந்தது. இதையெல்லாம் உங்களுக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், பத்து வருஷத்துக்கு மேல் ஓடும் ஒரு தடை இன்னமும் ஒரு வருஷச் சீட்டில்தான் ஓடுகிறது. சரக்கைச் செய்கிறவனுக்கும் இது நன்றாகத் தெரியும்.

இன்னொரு பெரிய ஓட்டை, நம் அரசின் உத்தரவு நம் மாநிலத்துக்குள் மட்டும்தான் செல்லும். புகையிலைத் தூள் நாட்டில் வேறு இடங்களில் சட்டப்படியே தயாராகிறது. வரி கட்டுகிறார்கள், எச்சரிக்கைப் படம் அச்சிடுகிறார்கள், லாரியில் ஏற்றுகிறார்கள். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி உள்ளே வந்ததும் அதே மூட்டை திருட்டுச் சரக்காகிவிடுகிறது. ஆந்திராவிலிருந்து வரும் ஜி.என்.டி. சாலையில் ஓடும் அத்தனை லாரியையும் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. வடசென்னைக்கு இந்தச் சாலை வாசல்படி மாதிரி. அதனால்தான் நம் பக்கம் சரக்கு சுலபமாக இறங்குகிறது. செங்குன்றத்துக் குட்கா கிடங்கு விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். 2016-ல் வருமான வரித்துறை சோதனை நடத்தியபோது, யார் யாருக்கு லஞ்சப் பணம் போனது என்று எழுதியிருந்ததாகச் சொல்லப்படும் நோட்டு சிக்கியது. 2018-ல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. நீதிமன்றத்தில் என்ன முடிவு வந்தாலும் ஒன்று சொல்லலாம். தடை வந்த நாளிலிருந்து இந்தச் சரக்கில் லாபம் கூடிவிட்டது. லாபம் கூடிய இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளவும் ஆள் கிடைத்துவிடுகிறது.

"யாரும் விட்ட மாதிரி தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கும் கிட்டத்தட்ட உங்கள் பக்கம்தான் பேசுகிறது. மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக நடந்த பெரிய புகையிலை ஆய்வில், 2009-10-ல் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்திய பெரியவர்கள் 16.2 சதவீதம். 2016-17-ல் அது 20 சதவீதம். அதே காலத்தில் நாடு முழுவதற்குமான அளவு 34.6-லிருந்து 28.6-ஆக இறங்கியது. தடை நடுவில் 2013-ல் வந்தும் நம் மாநிலத்தில் ஏறியிருக்கிறது. இதில் பீடி, சிகரெட்டும் அடக்கம், அவற்றுக்குத் தடை கிடையாது. அதனால் குட்கா தடை தோற்றது என்பதற்கு இதை நேரடிச் சாட்சியாக வைக்க முடியாது. ஆனால் ஒன்றைத் தடுத்தால் ஊரே புகையிலையை விட்டுவிடும் என்று நினைத்திருந்தால் அது நடக்கவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. 2014-ல் உலக சுகாதார நிறுவனமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து, தடை இருந்த சில மாநிலங்களில் குட்கா போடுகிறவர்களையும் விட்டவர்களையும் கடைக்காரர்களையும் விசாரித்தார்கள். தமிழ்நாடு அதில் இல்லை. தடைக்குப் பிறகு முன்பைவிடக் குறைவாகப் போடுகிறோம் என்று போடுகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சொன்னார்கள். தடை வேண்டும் என்று பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சொன்னார்கள். போடுகிறவர்களே அப்படிச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விட வேண்டும் என்ற ஆசை அவர்களிடம் முன்பே இருந்திருக்கிறது. கடை வாசலில் சரம் சரமாகத் தொங்காமல் இருந்தால் அந்த ஆசைக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கிறது.

தடை பல இடங்களில் இப்படித்தான் வேலை செய்கிறது. பூட்டான் 2004-ல் நாடு முழுவதும் புகையிலை விற்பனையையே தடை செய்தது. இந்திய எல்லை வழியாகக் கடத்தல் நிற்கவில்லை. கொரோனா காலத்தில், 2021-ல், அந்தத் தடையை எடுத்தேவிட்டார்கள். தடை வாங்குவதைச் சிரமமாக்கும், விலையை ஏற்றும், கண்ணில் படாமல் வைக்கும். ஏற்கெனவே உடம்பு கேட்கிற ஆளை அந்தச் சிரமம் நிறுத்தாது. எத்தனை விலை என்றாலும் கொடுப்பார், எதிர்ச் சந்துக்கு நடப்பார். இன்னும் தொடங்காத பிள்ளைக்கு அந்தச் சிரமமே வேலியாக நிற்கும். என்னைக் கேட்டால் தடையின் முழுப் பயனும் தொடங்காதவர்களுக்குத்தான். தொடங்கிவிட்டவர்களுக்குத் தடையோடு சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். நம் அரசுகள் உத்தரவு போட்டார்கள், சோதனை நடத்தினார்கள், மூட்டைகளை எரித்துப் படம் எடுத்தார்கள். கையில் பாக்கெட் இல்லாமல் மூன்றாம் நாள் தவிக்கிற மனிதனுக்கு என்ன ஏற்பாடு என்று அதே வேகத்தில் யோசிக்கவில்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

இதை வைத்துத்தான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். உங்கள் தம்பி வயது ஆட்களைப் பொறுத்தவரை, நீங்கள் நிறுத்தியதால் ஒரு பாக்கெட்கூடக் குறைந்திருக்காது. அவர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் உங்கள் கடைக்கு மிட்டாய் வாங்க, ரீசார்ஜ் செய்ய, பேனா வாங்க வருகிற எட்டாவது ஒன்பதாவது படிக்கும் பையன்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குப் பயன் உண்டு. கூல் லிப் மாதிரிப் பொருளைக் குறிவைத்துச் செய்திருப்பதே அவர்களுக்காகத்தான். குட்டிப் பை, இனிப்பு, குளிர்ச்சி, எச்சில் துப்ப வேண்டாம், வகுப்பில் உட்கார்ந்தபடியே உதட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், வாத்தியாருக்குத் தெரியாது. பள்ளிப் பிள்ளைகள் இதற்கு அடிமையாவதைப் பார்த்துத்தான் 2024-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இதை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்டது. அந்த வயதுப் பையன் முதல் பாக்கெட்டை ஊர் முழுக்கத் தேடி வாங்குவது அரிது. தினமும் போகிற, அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கடையில் கிடைப்பதால் வாங்குகிறான். அந்தக் கடை உங்களுடையதாக இல்லாமல் ஆக்கிவிட்டீர்கள்.

வியாபாரம் குறைந்தது உண்மையான நஷ்டம்தான், அதைச் சின்ன விஷயமாக நான் பேசப் போவதில்லை. ஆனால் மறுபடி வைக்கலாமா என்று யோசித்தால் இதையும் கணக்கில் சேருங்கள். முதல் தடவை பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதம், 15 நாள் கடை மூடல். இரண்டாம் தடவை 50,000, ஒரு மாதம். மூன்றாம் தடவை ஒரு லட்சம், மூன்று மாதம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் புகையிலை கொடுத்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. பைக்கில் வந்து சரக்குப் போட்டுவிட்டுப் போகிற ஆளுக்கு இதெல்லாம் வராது. பெட்டிக்கடைப் பெண்ணுக்குத்தான் வரும்.

எதிர்ச் சந்துக் கடையிடம் நீங்களே போய்ச் சண்டை போட வேண்டாம். சரக்குக்குப் பின்னால் இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நமக்குத் தெரியாது, நீங்கள் அதே தெருவில் வாழ வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் அனுப்பலாம். பள்ளிக்கு அருகில் என்றால் அதையும் குறிப்பிடுங்கள். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் எந்தப் புகையிலையும், சிகரெட் உட்பட, விற்கக் கூடாது என்பது 2003-லிருந்தே மத்தியச் சட்டம். தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. உங்கள் பெயர் தனியாக நிற்காது.

கடையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹான்ஸ் போன இடத்தில் இப்போது வாசனைப் பாக்கும் புகையிலை கலக்காத பான் மசாலாவும் தொங்குகிறதா? பல கடைகளில் அப்படித்தான். சட்டப்படி அது குற்றம் இல்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பாக்கைத் தனியாகவே, புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மேலே சொன்ன வாய் இறுக்கத்துக்கு முக்கியக் காரணமும் பாக்குதான். கடலை மிட்டாய், பொரி உருண்டை, நெல்லிக்காய் மிட்டாய் என்று அந்த இடத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க முடியாது என்றால், பிள்ளைகள் கைக்கு எட்டும் முன்வரிசையிலிருந்து முதலில் எடுங்கள்.

இப்போது தம்பி. "கவர்மெண்ட்டே ஒழிக்க முடியல" என்று அவர் சொல்வது சாக்கு என்று நினைக்காதீர்கள். அவர் வேலையை யோசித்துப் பாருங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாசலுக்கு மணிக்கணக்கில் வரிசை. இரவெல்லாம் முழிப்பு, நேரத்துக்குச் சாப்பாடு இல்லை. துறைமுகத்துக்குள்ளேயும் மணலி எண்ணெய்த் தொட்டிகள் பக்கத்திலும் பீடி பற்ற வைக்க முடியாது. காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்களும் காற்றில் பீடி நிற்காது என்று இதையேதான் சொல்வார்கள். தூக்கத்தையும் பசியையும் தள்ளிப்போட, நெருப்பு வேண்டாத ஒரு பொருள் சட்டைப் பையில் இருக்கிறது. அதோடு சுண்ணாம்பு சேரும்போது நிக்கோட்டின் வாய்த் தோல் வழியாக வேகமாக ரத்தத்தில் ஏறும். உதட்டுக்குள்ளேயே கிடப்பதால் சிகரெட்டைவிட அதிக நேரம் ஏறிக்கொண்டே இருக்கும். அவர் மனசு பலவீனம் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள்தான் மிகவும் கஷ்டம். எரிச்சல், தலைவலி, தூக்கக் குறைவு, எதிலும் கவனம் நிற்காது. இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அவர் லாரி ஓட்டுகிறவர் என்பதால் இங்கேதான் கவனம் வேண்டும். லோடு இருக்கிற வாரத்தில் வீராப்பாக நிறுத்த வேண்டாம். மூன்று நாளாவது வண்டி ஓட்டாமல் வீட்டில் இருக்கிற மாதிரி ஒரு தேதியை அவரே குறிக்கட்டும். அதற்கு முந்தின வாரத்திலிருந்து, எழுந்ததும் போடும் முதல் பாக்கெட்டைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். குறித்த நாளில் வீட்டில், பேண்ட் பையில், லாரி டேஷ்போர்டில் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. "அவசரத்துக்கு ஒண்ணு" என்று வைப்பதுதான் திரும்ப இழுக்கும். வாய்க்கு ஏதாவது வேண்டுமே என்றால் சீரகம், ஓமம், பெருஞ்சீரகம். பாக்கு எந்த வடிவிலும் வேண்டாம், பீடிக்கும் தாவக் கூடாது.

மருந்தும் உண்டு. நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கும். அதைச் சாதாரண பபிள்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் நெஞ்சு எரியும், விக்கல் வரும். நாலைந்து தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். வாய் திறப்பது குறைந்திருந்தாலோ புண் இருந்தாலோ சூயிங்கம் வேண்டாம், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை பொருந்தும். மாத்திரைகளும் இருக்கின்றன. அவற்றை டாக்டர்தான் எழுத வேண்டும், எழுதுவதற்கு முன் தான் கனரக வாகனம் ஓட்டுகிறவர் என்று தம்பி கட்டாயம் சொல்ல வேண்டும்.

அரசு நடத்தும் இலவச உதவி எண் ஒன்று உண்டு, 1800 11 2356. புகையிலைப் பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள், போடுகிறவர்கள் கண்ணில் படாமலே போய்விடும். தமிழிலும் பேசுவார்கள். திங்கட்கிழமை தவிர மற்ற நாள்களில் காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில், கை தானாகப் பைக்குள் போகும்போது இந்த எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

அக்காவாக நீங்கள் ஒன்று செய்யலாம். நடுவில் வழுக்கி ஒன்று போட்டுவிட்டால், "அதான் சொன்னேனே" என்று சொல்லாதீர்கள். முதல் முயற்சியிலேயே விடுகிறவர்கள் குறைவு, இரண்டாவது மூன்றாவது தடவையில் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது போட்டார் என்று மட்டும் கேட்டு வையுங்கள். அடுத்த முறை அந்த நேரத்துக்குத்தான் ஏற்பாடு வேண்டும். விட்டபின் உதட்டில் இருக்கும் வெள்ளைத் திட்டு பல பேருக்குச் சில வாரங்களில் மங்குவதையும் பார்க்கலாம். கன்ன இறுக்கம் முழுவதும் திரும்பாது, ஆனால் மேலும் மோசமாவதைத் தடுக்க முடியும்.

டாக்டரிடம் போகும்போது மூன்று விஷயம் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட், காலையில் எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் பாக்கெட், இரவு உதட்டில் வைத்தபடியே தூங்குவாரா. எழுந்து அரை மணிக்குள் போடுகிறவர் என்றாலோ வைத்தபடி தூங்குகிறவர் என்றாலோ பேச்சு மட்டும் போதாது, மருந்தும் வேண்டியிருக்கும். அதை அவரே டாக்டரிடம் கேட்கலாம், தயங்க வேண்டாம்.